அரைத் தானியங்கி .22 ரைபிளை எத்தனை தரம் துடைப்பது, எவ்வளவு துடைப்பது?

பம்பலப்பிட்டியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் கழகத்தில் .22 அரைத் தானியங்கி ரைபிள் ஒன்றில் பழகுகிறேன். சனிக்கிழமைகளில் ஐம்பது அறுபது ரவை சுடுவேன். முன்பு படையில் இருந்த மூத்தவர் ஒருவர், ஒவ்வொரு முறையும் சீலை வெள்ளையாக வெளியே வரும் வரைக்கும் குழலைத் தேய்க்கச் சொல்கிறார். பயிற்சியாளரோ குழலில் கை வைக்காதே, குறி கெட்டுவிடும் என்கிறார். இதற்கிடையில், ரவையை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் பக்கத்தில் கறள் புள்ளிகள் வந்துவிட்டன. யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் இரண்டு பேரும் வெவ்வேறு துவக்கைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மூத்தவரின் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. பழைய இராணுவ ரவைகளில் முதலில் தீப்பற்றும் மருந்தில் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்தால் மிஞ்சுவது பொற்றாசியம் குளோரைட்டு, கிட்டத்தட்ட நம்முடைய கறியுப்பு மாதிரியே காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சாமான். சுட்டுவிட்டு அப்படியே வைத்தால் ஒரே இரவில் குழல் கறள் பிடித்துவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும், அதனால்தான் அந்தக் காலத்தில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள், அப்புறம் காயவைத்து எண்ணெய் போட்டார்கள், அன்றன்றைக்கே செய்தார்கள், செய்யாதவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. அந்த ஒழுங்கு தலைமுறை தலைமுறையாகப் படைகளில் நின்றுவிட்டது. ஆனால் இன்று கடையில் வரும் .22 ரவையில் அந்த உப்பு இல்லை. அது விட்டுப்போவது கரி, கொஞ்சம் ஈயம், கொஞ்சம் மெழுகு. இவற்றில் எதுவும் இரவோடு இரவாகக் குழலைத் தின்னாது.

பயிற்சியாளர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. .22 ரவையிலிருந்து பறந்து போகும் சன்னம் வெறும் ஈயம், மேலே மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசியிருப்பார்கள். நீங்கள் சுடச் சுட அந்தப் பூச்சு குழலுக்குள் ஒரு சீரான மெல்லிய படலமாகப் படிகிறது, அதற்குப் பிறகுதான் ரவைகள் ஒரே இடத்தில் போய் விழத் தொடங்குகின்றன. குழலைப் பளிச்சென்று துடைத்துவிட்டால் அடுத்த பத்து இருபது ரவைக்குக் குறி அங்குமிங்கும் அலையும். அதைவிடப் பெரிய ஆபத்து, துடைக்கும் கம்பியைக் குழலின் முன்பக்கத்தால் விட்டு விட்டுத் தேய்ப்பது. குழல் வாயின் விளிம்புதான் சன்னம் கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம், அதில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் பிறகு எந்த ரவை போட்டும் பயனில்லை. ஈயச் சன்னம் சுட்டுத் தேய்ந்த .22 குழலை நான் கண்டதில்லை. கம்பியால் கெட்டுப்போன குழல்களைத் தாராளமாகக் கண்டிருக்கிறேன்.

ஆனால் பயிற்சியாளர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. குழலைத் தொடாதே என்பது முழுத் துவக்கையும் தொடாதே என்பதல்ல. உங்களுடையது அரைத் தானியங்கி. ஒவ்வொரு வெடிக்கும் வெற்றுக் கோது பின்னால் தள்ளப்பட்டு, அதுவே போல்ட்டையும் தள்ளிக்கொண்டு வருகிறது, கூடவே புகையும் எரியாத மருந்துத் துகளும் மெழுகும் உள்ளே வந்து விழுகின்றன. கையால் இழுத்துச் சுடும் ரைபிளில் இந்த அழுக்கில் பெரும்பகுதி குழல் வழியே வெளியே போய்விடும், உங்களுடையதில் போல்ட் ஓடும் அறைக்குள்ளேயே தங்குகிறது. போல்ட்டைக் கழற்றி அதன் முகத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். கோதைப் பிடித்து இழுக்கும் சின்னக் கொக்கி ஒன்று ஓரத்தில் இருக்கும், அதன் அடியில் கறுப்பாக, பிசினும் கரியும் சேர்ந்த மாதிரி ஒரு திட்டு இறுகிப் போயிருக்கும். அது தடித்தால் கொக்கி கோதைச் சரியாகக் கவ்வாது. கோது பாதி வெளியே வந்து சிக்கும், அல்லது போல்ட் முழுதாக முன்னுக்கு வந்து மூடாது. ரவை சரியில்லை, ரவை அடுக்கும் மகசின் சரியில்லை என்று ஆட்கள் அலைவது பெரும்பாலும் அந்தத் திட்டினால்தான். ஒரு பல்குச்சியும் பழைய பல்தூரிகையும் போதும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுட்டு முடித்த பிறகு வெளி உலோகம் முழுவதையும், போல்ட்டில் கைக்கு எட்டும் இடத்தையும் துடைத்து எண்ணெய்ச் சீலையால் ஒரு தடவை தடவுங்கள், ஐந்து நிமிட வேலை, இதைத் தவறவிடவே கூடாது. முந்நூறிலிருந்து ஐந்நூறு ரவைக்கு ஒருமுறை, உங்கள் வேகத்தில் ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, போல்ட்டைக் கழற்றி அதன் முகம், கொக்கி, அது ஓடும் தடம், ரவை போய் உட்காரும் அறையின் வாய் எல்லாவற்றையும் துப்புரவாக்குங்கள். அந்த அறையின் முன்விளிம்பில் கரியும் மெழுகும் வளையமாக இறுகும், வெண்கலப் பிரஷை அங்கே மட்டும் கையால் நாலைந்து சுற்றுச் சுற்றினால் விட்டுவிடும். குழலுக்கு நாள் கணக்கு வேண்டாம். குறி பரவத் தொடங்கினால் செய்யுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பெரிய துப்புரவோடு சேர்த்து மூன்று நான்கு சீலை இழுங்கள், போதும். கடைசிச் சீலை சாம்பல் நிறத்தில் வந்தாலும் பரவாயில்லை, வெள்ளைக்கு ஆசைப்படாதீர்கள்.

1964 முதல் வரும் ரூகர் 10/22 போன்ற பல .22 அரைத் தானியங்கிகளில் போல்ட் அறையின் பின்பக்கம் மூடியே இருக்கும், கம்பியைப் பின்னாலிருந்து நேராக விட வழியில்லை. அதனால் பிரஷும் சீலையும் கோத்த கயிற்றை ரவை உட்காரும் அறைப் பக்கத்தால் விட்டுக் குழல் வாய்ப் பக்கத்தால் இழுங்கள், இழுக்கும்போது கயிறு குழல் வாயில் உரசாமல் நேராக வரட்டும். சன்னம் போகும் திசையும் அதுதான். பிரஷைப் பாதி வழியில் நிறுத்தித் திருப்பி இழுக்க வேண்டாம், அதன் மயிர்கள் வளைந்து இறுகிவிடும்.

இனி உங்கள் கறள் புள்ளிகள். தம்பி, கொழும்பில் துவக்கைக் கெடுப்பது வெடிமருந்துக் கரியைவிட இங்கத்தைய காற்றுத்தான், இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பம்பலப்பிட்டியில் கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவில் இருக்கும் வீட்டில் ஜன்னல் கம்பியே என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும், ஒக்டோபர், நவம்பரில் மழை இன்னொரு சுற்று. இதில் குளிர்நாட்டுக்காரர் எழுதிய கையேட்டில் உள்ள இடைவெளி நமக்குப் பொருந்தாது. சுடாத மாதத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து வையுங்கள். யாராவது வெறும் கையால் தொட்டுப் பார்த்தால், அது யாராக இருந்தாலும், அந்த இடத்தை உடனே துடையுங்கள், வியர்வையிலும் உப்புத்தான் இருக்கிறது.

இன்னொன்று பலருக்கும் தோன்றுவதில்லை. ஏசி போட்ட அறையில் அல்லது காரில் குளிர்ந்திருந்த ரைபிளை வெளியே எடுத்தவுடன் உறையைத் திறந்தால் உலோகம் முழுவதும் ஆவி படியும், கண்ணாடி போட்டவர்களுக்கு இது தெரியும். உறைக்குள்ளேயே அரை மணித்தியாலம் இருக்கட்டும், வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். கொண்டுபோய் வரும் பஞ்சு வைத்த பெட்டியில் நாள் கணக்காக வைக்கவே கூடாது, பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்போடு ஒட்டி நிற்கும், உங்கள் புள்ளிகள் போல்ட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்ததென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பெட்டியைத்தான். கழகத்தின் இரும்பு அலுமாரியில் சிலிக்கா ஜெல் வைக்கச் சொல்லுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், சூட்டடுப்பில் காயவைத்துத் திரும்பவும் பாவிக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் ஆட்கள் இரண்டு பிழை விடுகிறார்கள். ஒன்று, தேங்காய் எண்ணெய். நம்முடைய வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து, ஆனால் அது நாளடைவில் சிக்குப் பிடித்துப் பசையாகும், போல்ட்டின் ஓட்டம் கனத்துப் போகும். துவக்கெண்ணெய் கிடைக்காவிட்டால் புறக்கோட்டையில் எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய தையல் மெஷின் எண்ணெய் நல்லது, மெல்லியது, பிசுபிசுக்காது. டபிள்யூடி-40 ஈரத்தைத் துரத்த நல்லது, அதையே நெடுநாள் எண்ணெயாக நம்பாதீர்கள். மற்றப் பிழை, அள்ளி ஊற்றுவது. அரைத் தானியங்கியில் கூடுதல் எண்ணெய் கரியைப் பிடித்து வைத்து அரைக்கும் பசையாக மாறும், விசைப் பகுதிக்குள் வடியும், மரக் கட்டையை ஊறவைக்கும். போல்ட் ஓடும் தடத்தில் இரண்டு துளி, விரலால் பரப்பிவிட்டால் முடிந்தது. மகசினுக்குள் எண்ணெயே வேண்டாம், உலர்ந்த சீலை போதும். குழலுக்குள் எண்ணெய் தடவி வைத்திருந்தால் சுடுவதற்கு முன் உலர் சீலை ஒன்றை இழுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்: முதலில் மகசினைக் கழற்றுங்கள், அதன் பிறகே போல்ட்டை இழுங்கள். இந்த ஒழுங்கு மாறினால், இருந்த ரவை வெளியே போய் மகசினில் உள்ள அடுத்த ரவை போல்ட் மூடும்போது உள்ளே ஏறிவிடும், நீங்கள் வெறுமை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அரைத் தானியங்கியில் இதுதான் ஆளைக் கொல்லும் பிழை. கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். துடைக்கும் மேசையில் ஒரு ரவைகூட இருக்கக் கூடாது. சாப்பாட்டு மேசையும் வேண்டாம், அந்தக் கறுப்பில் ஈயம் இருக்கிறது. கையுறை போடுங்கள், சீலைகளைப் பையில் கட்டி எறியுங்கள், முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைத் தொடாதீர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உடுப்பையும் மாற்றுங்கள். விசைப் பகுதியைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்குங்கள், அது கழகத்தின் ஆயுதப் பொறுப்பாளர் வேலை.

இப்போது வந்திருக்கும் புள்ளிகளுக்கு, மிக மெல்லிய இரும்புப் பஞ்சில், நாலு பூச்சியம் போட்டு விற்பது, எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். செந்நிறம் மட்டும் போய் உலோகம் மழமழப்பாக இருந்தால் கவலையில்லை. நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ, குழல் வாயில் உள்விளிம்பில் ஒரு புள்ளி தெரிந்தாலோ நீங்கள் மேலும் தேய்க்க வேண்டாம், அப்படியே பொறுப்பாளரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.