சாம்பிளுக்கு ஓகே சொன்னவர்கள் பாக்கியைத் தர மறுக்கிறார்கள்

கேள்வி: வியாசர்பாடியில் சின்னதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். 2022-ல் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு எடுத்தேன். பெங்களூரு கான்ட்ராக்டர் ஒருவர் மணலி பக்கம் கட்டும் குடியிருப்பின் தண்ணீர் டேங்குகளுக்கு, பைப் நுழையும் ஃபிளாஞ்சும் அதை இறுக்கும் பிளேட்டும் எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யச் சொன்னார். பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) கிடையாது. ‘4 இன்ச் பைப், 8 ஹோல்’ என்று கையால் எழுதிய ஸ்கெட்ச் வாட்ஸ்அப்பில் வந்தது, அவ்வளவுதான். முதலில் ஒரு செட் சாம்பிள் கொடுத்தேன். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் மாட்டிப் பார்த்து, ‘ஓகே, இதே மாதிரி மீதி போடுங்க’ என்று சைட் இன்ஜினியர் மெசேஜ் அனுப்பினார். பத்து செட் செய்து ஆறு செட் டெலிவரி கொடுத்துவிட்டேன். பதினோராம் நாள், லீக் ஆகிறது என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. போய்ப் பார்த்தால் பிவிசி பைப் போட்டிருக்கிறார்கள். ஓட்டை பெரிசு, ஸ்டீலும் டூப்ளிகேட் என்கிறார்கள். டெலிவரி ஆன ஆறு செட்டுக்கு 1,36,000 ரூபாய் பாக்கி. கேஸ் போட்டால் பெங்களூருவுக்குத்தான் அலைய வேண்டும் என்று மிரட்டல் வேறு. ஆள் வைத்து ஃபிளாஞ்சுகளைக் கழற்றி வந்துவிடலாமா?

பதில்: கழற்றாதீர்கள். டெலிவரி கொடுத்து, அவர்கள் டேங்கில் மாட்டிய பிறகு அந்தப் பொருள் அவர்களுடையது. காசு வரவில்லை என்பதற்காக நீங்கள் எடுத்து வந்தால் அத்துமீறல், திருட்டு என்று உங்கள் மீதே புகார் போகும். இதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரே ராத்திரியில் அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் இந்த வழக்கின் உயிர்: சாம்பிளை மாட்டியது ஜிஐ பைப்பில். தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், நாலு இன்ச் ஜிஐ பைப்பின் வெளிவிட்டம் 114.3 மில்லிமீட்டர். கடையில் நாலு இன்ச் என்று கேட்டால் கொடுக்கிற பிவிசி பைப்போ 110 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் பேர் ஒன்று, அளவு வேறு. ஸ்கெட்சை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் எனக்குமே பயம் இருந்திருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 13-வது பிரிவு, இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. ‘நாங்கள் சொன்னது பிவிசி, இவர் புரிந்துகொண்டது ஜிஐ’ என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். சாம்பிளும் அந்த ஓகே மெசேஜும் அந்த வாதத்தை அடைத்துவிடுகின்றன. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, சாம்பிளைக் காட்டி விற்றால் மீதிச் சரக்கு சாம்பிளுக்கு ஒத்திருக்க வேண்டும். உங்கள் ஆறு செட்டும் அப்படி இருந்தால் உங்கள் கடமை முடிந்தது. பிறகு பைப்பை மாற்றியது அவர்கள்.

அதனால் முதல் வேலை, வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போங்கள். பைப்பின் வெளிவிட்டத்தையும் ஃபிளாஞ்சின் உள்விட்டத்தையும், ரீடிங் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். இன்ஜினியர் பக்கத்தில் இருக்கும்போதே எடுங்கள். முதல் டேங்கில் இன்னும் ஜிஐ பைப்தான் இருக்கிறது என்றால் அதையும் விடாதீர்கள். அந்த மெசேஜ் இருக்கும் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அந்த மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து அந்த வாய்ஸ் மெசேஜ். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். வாய்ஸ் மெசேஜ் எழுத்து மூலம் ஆகுமா? ஆகாது என்று வாதாடலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஆட்சேபம் என்றே எடுத்துக்கொண்டால், அதை நீங்கள் சரிசெய்த நாளிலிருந்துதான் பணம் தர வேண்டிய நாள் கணக்கு தொடங்கும். நீங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்கள், பேசினீர்கள், எதையும் எழுதவில்லை. நம் பட்டறைக்காரர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான். இன்றைக்கே எழுதுங்கள்: ‘நீங்கள் ஒப்புக்கொண்ட சாம்பிள்படியே செய்துள்ளேன். சாம்பிள் ஜிஐ பைப்புக்கானது. தற்போது 110 மி.மீ. பிவிசி பைப் பொருத்தியிருப்பதால் இடைவெளி வருகிறது. வேண்டுமானால் அந்த இடைவெளியை அடைக்கும் ஸ்லீவ் தனிக் கட்டணத்தில் செய்து தருகிறேன்.’ இதை மெயிலிலும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். ஸ்லீவ் பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள். லீக்கால் எங்களுக்கு இவ்வளவு நஷ்டம் என்று அவர்கள் எதிர்க்கோரிக்கை வைத்தால், நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்தும் ஏன் எடுக்கவில்லை என்று நாம் கேட்க அது உதவும்.

ஸ்டீல் விஷயம் சுலபம். காந்தத்தை வைத்துப் பார்த்து டூப்ளிகேட் என்றால் கவலைப்படாதீர்கள். வளைத்த, வெல்டிங் செய்த இடத்தில் நல்ல 304-லும் காந்தம் லேசாகப் பிடிக்கும். பிளேட் வாங்கிய பில், ஸ்டீல் ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் இரண்டையும் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் மீதித் துண்டு ஒன்றை என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்து ரிப்போர்ட் வாங்குங்கள்.

பெங்களூரு மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன 2006 சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, சப்ளை செய்தவர் இருக்கும் இடத்தின் வசதியாக்கக் குழுவே (இத்தகைய பாக்கித் தகராறுகளுக்கான அரசுக் குழு) விசாரிக்கலாம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. உங்களுக்குச் சென்னை மண்டலக் குழு. மனுவை ஆன்லைனிலேயே போடலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், அது நடக்காவிட்டால் நடுவர் விசாரணை. உத்யம் பதிவு ஆர்டருக்கு முந்தையது என்பது பெரிய பலம். சப்ளைக்குப் பிறகு பதிந்து பழைய பாக்கிக்கு இந்தச் சலுகை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் 2022-லும் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. உத்தரவு உங்கள் பக்கம் வந்து, அதை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனாலும், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் பேச முடியும். இதையெல்லாம் நோட்டீஸில் தெளிவாக எழுதினால், பல பாக்கிகள் குழு வரைக்கும் போகாமலே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சப்ளை மட்டும் செய்தீர்கள், மாட்டியது அவர்கள் ஆட்கள். பில்லில் ‘ஃபிட்டிங் சார்ஜ்’ என்று எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் இது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட் (பொருளோடு வேலையும் சேர்ந்த ஒப்பந்தம்), இந்தச் சட்டம் பொருந்தாது என்று கிளம்புவார்கள்.

பட்டறையில் இருக்கும் மீதி நாலு செட்டை, பாக்கி வரும்வரை கொடுக்க வேண்டாம். கடன் தவணை எதுவும் பேசவில்லை, அல்லது பேசிய தவணை முடிந்துவிட்டது என்றால், காசு வராத விற்பனையாளர் கையில் இருக்கும் சரக்கைப் பிடித்து வைக்கலாம். பாதி டெலிவரி கொடுத்துவிட்டாலும் மீதியின் மீது அந்த உரிமை உண்டு (சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவுகள் 47, 48). வேறு யாருக்கும் உதவாத அளவு என்பதால் இரும்புக் கடைக்குத்தான் போட வேண்டியிருக்கும். அப்படிப் போடுவதற்கு முன்னால், ‘இத்தனை நாளுக்குள் பணம் கட்டி எடுக்காவிட்டால் விற்றுவிடுவேன், குறைகிற தொகையை உங்களிடமே வசூலிப்பேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, எடை போட்ட ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.