பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சென்னையின் நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மேற்கு மாம்பலம் பக்கத்திலிருந்து. எண்பதுகளில் கட்டிய தனி வீடுகளும் பழைய ஃபிளாட்டுகளும் வரிசையாக இடிபடும் பகுதிகள். வரைபடமும் அனுமதியுமாக முப்பது வருடம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோர்ட்டு வரை போகிற விஷயமென்றால் வக்கீலைப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு கிரவுண்டில் இருந்த பழைய வீட்டை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த ஸ்டில்ட்டும் மேலே மூன்று மாடியுமாக ஆறு ஃபிளாட் கட்டப் போகிறார்கள். தெருவில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். நிறுத்த முடியுமா? (நங்கநல்லூர்)

ஃபிளாட் வருகிறது என்பதற்காக மட்டும் நிறுத்த முடியாது. குடியிருப்புப் பகுதியில் குடியிருப்பு கட்ட அக்கம்பக்கத்தாரின் சம்மதத்தை நம் விதிகள் கேட்பதில்லை. குடியிருப்பு மனையை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றக் கேட்டால் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். உங்கள் தெருவில் நடப்பது அது இல்லை.

ஏன் இப்போது எல்லாத் தெருவிலும் இடிக்கிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. மனை அளவைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற எஃப்.எஸ்.ஐ. 1.5 ஆக இருந்த காலத்தில் அதில் 3,600 சதுர அடிதான் கட்டலாம். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது 2 ஆனது. இப்போது 4,800 சதுர அடி. கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளம் இந்தக் கணக்கில் வராது. பில்டரோடு பாதிக்குப் பாதி பேசினால், வீட்டுக்காரர் கையிலிருந்து காசு போடாமல் மூன்று சிறிய ஃபிளாட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிறார். வெள்ளையடிக்கவே யோசிக்கிற நிலையில் இருக்கும் வயதான தம்பதி, பிள்ளைகள் வெளியூரில். அவர்களை எப்படிக் குறை சொல்வது? மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு பில்டர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள்.

சரி, உங்களால் என்ன முடியும்? அனுமதித்த வரைபடப்படி கட்ட வைக்க முடியும். அனுமதி எண்ணும் தளங்களின் எண்ணிக்கையும் எழுதிய பலகை மனையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையே முதல் புகாராகக் கொடுங்கள். வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் வந்ததும் பக்கவாட்டில் எத்தனை அடி விட வேண்டும் என்று பார்த்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். சுண்ணாம்பில் மார்க்கிங் போட்ட அன்று ஓர் அடி தள்ளச் சொன்னால் மேஸ்திரி முணுமுணுத்தபடியே தள்ளிவிடுவார். முதல் தளம் கான்கிரீட் போட்ட பிறகு சொன்னால் யாரும் இடிக்க மாட்டார்கள். “எங்கள் தெருவின் அமைதி கெடுகிறது” என்று மனு எழுதினால் அது கோப்போடு கோப்பாகக் கிடக்கும். “வரைபடத்தில் இத்தனை மீட்டர், தரையில் இத்தனை மீட்டர்” என்று அளவோடும் படத்தோடும் எழுதினால் ஓர் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியதும் எங்கள் வீட்டுச் சுவரில் விரிசல். “பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்” என்கிறார் பில்டர். (ஆதம்பாக்கம்)

எல்லா பில்டரும் சொல்வது இதுதான். சில நேரம் உண்மையும் அதுதான். பூச்சில் மட்டும் மயிரிழை போல ஓடும் விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலும், உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரியும் விரிசலும் வேறு வகை. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

அந்தக் காலத்துத் தனி வீடுகளுக்கு அஸ்திவாரம் ஆழமில்லை. பக்கத்தில் அதைவிட ஆழமாக, ஒரே நாளில் நீளமாகத் தோண்டினால் உங்கள் அஸ்திவாரத்தின் கீழே பிடித்துக்கொண்டிருந்த மண் சரியும். சின்னச் சின்னத் துண்டாகத் தோண்டி, பலகையும் சவுக்குக் கம்பும் முட்டுக் கொடுத்து, ஒரு துண்டை மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு மனையில் ஐப்பசி மழையில் குழியைத் திறந்து போட்டுவிட்டு ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் எங்கள் காம்பவுண்டு சுவர் குழிக்குள் கிடந்தது. ஒரு மாதம் முன்பு எடுத்த படம் என்னிடம் இருந்ததால்தான் புதுச் சுவர் கட்டிக் கொடுத்தார்கள்.

அதனால் இன்றைக்கே எல்லா அறைகளையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை சிமென்ட் பாலால் ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. அப்போது ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் ஒருவரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்கி, பில்டருக்கும் மாநகராட்சிக்கும் அனுப்புங்கள். இடிப்பதற்கு முன்பே படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. இதைப் படிக்கும் மற்றவர்களாவது செய்யுங்கள்.

ராத்திரி பதினொரு மணிக்கு கான்கிரீட் போடுகிறார்கள். கேட்டால் பகலில் லாரி விடுவதில்லை என்கிறார்கள்.

லாரிக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பது நிஜம். தளம் போடத் தொடங்கினால் பாதியில் நிறுத்தவும் கூடாது, இணைப்பு பலவீனமாகும். ஆனால் 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் அப்போது வரம்பு 45 டெசிபல். ரெடிமிக்ஸ் பம்பு அதற்குள் அடங்காது. மாடிக்கு ஓர் இரவு என்றால் முன்கூட்டியே சொல்லச் சொல்லிப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். கம்பி வெட்டுவதும் ஜல்லி இறக்குவதும் தினமும் இரவில் நடந்தால் போலீசுக்குப் போன் செய்யுங்கள்.

முப்பது வருடமாக எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வந்த வெளிச்சம் போகப் போகிறது. உரிமை இல்லையா?

1882-ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டப்படி, இருபது வருடம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை வரும். ஆனால் குறைவு கணிசமானது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு விதிப்படி இடம் விட்டுக் கட்டினால் ஜெயிப்பது கடினம். இன்னொன்று: உங்கள் ஜன்னலுக்கு வெளியே நீங்கள் எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள்? அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எட்டு ஃபிளாட் உள்ள எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்ட ஏழு பேர் தயார். ஒருவர் மட்டும் மறுக்கிறார். (மேற்கு மாம்பலம்)

முன்பெல்லாம் அந்த ஒருவரால் எல்லாம் நின்றுபோகும். 2022-ஆம் வருட அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். எட்டில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் உங்கள் பக்கம்.

ஆனாலும் அந்த எட்டாவது ஆள் ஏன் மறுக்கிறார் என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? நான் பார்த்தவரை வீம்புக்கு மறுப்பவர்கள் குறைவு. எழுபத்தைந்து வயதில் இரண்டு வருடம் வாடகை வீட்டில் இருக்க வேண்டும், பில்டர் பாதியில் விட்டுப் போனால் எங்கே போவது என்ற பயம்தான் அதிகம். வாடகையை யார், எத்தனை மாதம் தருவார்கள், தாமதமானால் என்ன என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதினால் பலர் இறங்கி வருகிறார்கள். அப்புறம், எல்லோருடைய பத்திரத்தையும் எடுத்து யு.டி.எஸ்.ஸை, அதாவது மனையில் ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கைக் கூட்டிப் பாருங்கள். மொத்த மனை அளவோடு பொருந்தாத பழைய கட்டடங்கள் நிறைய உண்டு. பழைய பில்டர் தன் பேரில் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டே போயிருப்பார். அதை இப்போது தீர்க்காவிட்டால் பதிவின்போது தெரியவரும். மனை 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டுக்கு மேல் இருந்து, புதிதாக வருவது எட்டு வீட்டுக்கும் மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிய வேண்டும். பதிவு எண் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அனுமதி மூன்று மாடிக்கு. நான்காவதாக ஒன்று எழும்புகிறது. “பின்னால் ரெகுலரைஸ் செய்துகொள்ளலாம்” என்கிறார்களே?

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் ரெகுலரைஸ் செய்வது, அதாவது வரன்முறைப்படுத்துவது, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும். இன்று எழும்பும் மாடிக்கு அது பொருந்தாது. அதனால் படத்தோடு உடனே புகார் கொடுங்கள். வேலையை நிறுத்தவும் லாக் அண்ட் சீல் செய்யவும் அதிகாரம் இருக்கிறது. பில்டர் அதே சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீட்டுக்குப் போய் நாளைக் கடத்தப் பார்ப்பார், அது வழக்கம்தான். சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றில் விலக்கு உண்டு. கூடுதல் மாடியால் உயரமும் வீடுகளும் அந்த வரம்பைத் தாண்டினால் சான்று கட்டாயமாகி, அது இல்லாமல் ஈ.பி. இணைப்பே சிக்கலாகும். இதை உங்களைவிட அங்கே ஃபிளாட் புக் செய்தவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் பில்டர் காது கேட்கும். விமான நிலையத்துக்கு அருகில் இருந்தால் விமான நிலைய ஆணையத்தின் உயரக் கட்டுப்பாடும் உண்டு.

நான் மறுபக்கம். என் வீட்டை பில்டரிடம் கொடுக்கிறேன். நாற்பது வருடம் பழகியவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் என்ன செய்யலாம்? (நங்கநல்லூர்)

இடிக்கும் தேதியை நீங்களே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள், பில்டரின் ஆளை அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் சில வரிகள் சேர்க்கச் சொல்லுங்கள்: இரு பக்கத்து வீட்டையும் முன்கூட்டியே படம் எடுப்பது, காம்பவுண்டு சுவர் விழுந்தால் கட்டித் தருவது, வேலை நேரம். தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்தப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். நீங்கள் மூன்று அடி ஏறினால் உங்கள் மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில்தான் நிற்கும்.

உங்கள் பகுதியின் பழைய வீடுகளில் கொல்லையில் கிணறு இருக்கும். இடித்த செங்கல்லை அதில் கொட்டி மூடுவதுதான் பல பில்டர்களின் முதல் வேலை. தூண் வருகிற இடமென்றால் வேறு வழியில்லை. ஓரமாக இருந்தால், கிணறு இருக்கும், மாடித் தண்ணீர் அதில்தான் இறங்கும் என்று எழுதி வாங்குங்கள். ஏப்ரலில் பக்கத்து வீட்டு போரிலும் தண்ணீர் வரும்.