வரப்பில் ஒன்று, தாளில் ஒன்று: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் கார் நெல் பயிரிட்டிருக்கிறோம். வரப்பில் ஈரச் சருகை விலக்கினால், 7 மி.மீ. நீளம் மதிக்கத்தக்க பழுப்பு நிறச் சுவர்க்கோழிகள் துள்ளி ஓடுகின்றன. நெல்லின் தாளில் அதே அளவில் கறுத்து மின்னும் பூச்சி ஒன்றும் இருக்கிறது. ஆரியங்காவிலுள்ள என் மைத்துனர், பழுப்பானது குஞ்சு, கறுப்பானது வளர்ந்தது என்கிறார். அவர் சொல்வது சரிதானா? இரண்டின் படங்களையும் இணைத்துள்ளேன்.
– வாசகர், புளியரை

பதில்: இல்லை, இரண்டும் வெவ்வேறு துணைக்குடும்பங்களைச் சேர்ந்தவை. நிறத்தையும் நீளத்தையும் கொண்டு முடிவுக்கு வருவதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. சிறிய சுவர்க்கோழிகளில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே வெளிறியதும் கறுத்ததும் உண்டு என்பதால், நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதலில் இவை சுவர்க்கோழிகள்தாமா என்பதை உறுதிசெய்துகொள்ளலாம். உணர்கொம்பு உடலைவிட நீண்டிருப்பதால் சாதாரண வெட்டுக்கிளி அல்ல. பாதத்தில் 3 கணுக்களே இருப்பதால், 4 கணுக்கள் கொண்ட நீள்கொம்புப் பச்சை வெட்டுக்கிளியும் அல்ல. அடுத்து, பின்னங்காலின் கீழ்க்காலை, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸால் பாருங்கள். வீட்டு மூலையில் கத்தும் பெரிய சுவர்க்கோழிக்கு அங்கே தடித்த, அசையாத முட்கள் இருக்கும். உங்கள் இரண்டு பூச்சிகளுக்குமோ மெலிந்து நீண்ட, அடியில் மூட்டு வைத்தாற்போல் அசையக்கூடிய முட்கள் இருக்கின்றன. முன்பு கிரில்லிடே என்ற பெருங்குடும்பத்துக்குள் வைக்கப்பட்டிருந்த இவ்விரு கூட்டத்தையும் இப்போது டிரைகோனிடியிடே என்ற தனிக்குடும்பமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆக, உங்கள் மைத்துனர் இரண்டையும் உறவாக்கியதில் பெரிய பிழையில்லை. தாயும் பிள்ளையுமாக்கியதுதான் பொருந்தவில்லை.

இனி இரண்டையும் பிரிக்கும் உறுப்புக்கு வருவோம். பாதத்தின் நடுக்கணுவைக் கவனியுங்கள். வரப்பில் ஓடும் பழுப்புப் பூச்சியில் அது மிகச் சிறியதாக, இரு பக்கமும் நெருக்கப்பட்டு ஒடுங்கியிருக்கும். தாளில் இருக்கும் கறுப்புப் பூச்சியிலோ அதே கணு மேலிருந்து கீழாகத் தட்டையாகி, இதய வடிவில் அகன்று, அடியில் அடர்ந்த மயிர் கொண்டிருக்கும். வழுக்கும் இலைப்பரப்பில் பற்றி நடக்க உதவும் அமைப்பு இது. பெண்பூச்சியின் முட்டையிடு குழலும் இதற்கேற்பவே மாறியிருக்கிறது. மண்ணில் முட்டை வைக்கும் பழுப்புப் பூச்சிக்கு அது ஏறக்குறைய நேரான ஊசி. பயிரின் திசுவைக் கீறி முட்டை வைக்கும் கறுப்புப் பூச்சிக்கு அது பக்கவாட்டில் தட்டையாகிக் கருக்கரிவாளைப் போல மேல்நோக்கி வளைந்தது. பழுப்புப் பூச்சியின் தலையிலும் முன்மார்புக் கவசத்திலும் விறைத்த மயிர்கள் நிற்பதை உங்கள் இரண்டாவது படத்திலேயே காண முடிகிறது. எனவே பழுப்பானது நெமோபியினே எனப்படும் தரைச் சுவர்க்கோழி. கறுப்பானது டிரைகோனிடியினே எனப்படும் இலைச் சுவர்க்கோழி.

கறுப்பானதன் முன்சிறகு வண்டின் ஓட்டைப்போலக் கெட்டிப்பட்டுக் குவிந்திருந்தால் அது டிரைகோனிடியம் என்ற பேரினம். நெல்வயல்களில் காணப்படும் மெட்டியோகே விட்டாட்டிகோலிஸ் என்ற இன்னொன்றும் கறுப்புதான். அதன் குஞ்சு வெளிறிப் பழுப்புக் கோடுகளுடன் இருக்கும் என்பதால், மைத்துனர் வேறெங்கோ அதைப் பார்த்திருக்கவும் கூடும். இந்த மெட்டியோகே, இலைச்சுருட்டுப் புழுவின் முட்டைகளையும், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானின் குஞ்சுகளையும் தின்னும் பூச்சி. தாளில் அதைக் கண்டவுடன் மருந்தடிக்கும் கையை அடக்கிக்கொள்வது உங்களுக்கே இலாபம்.

கேள்வி: நாங்கள் பிடித்த சிறு சுவர்க்கோழிகளில் சிலவற்றுக்கு வாலில் இரண்டு இழைகளும், சிலவற்றுக்கு மூன்றும், ஒன்றுக்கு நான்கும் இருக்கின்றன. இவை தனித்தனிச் சிற்றினங்களா? சிறகு குட்டையாக இருப்பவற்றைக் குஞ்சுகள் என்று கொள்ளலாமா?
– மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டு வால் இழைகள் ஆண், பெண் இரண்டுக்கும் பொது; நடுவில் மூன்றாவதாக நீள்வது பெண்ணின் முட்டையிடு குழல். நான்கு உள்ளது, பின்சிறகுகள் சுருண்டு வயிற்றைத் தாண்டி நீளும் ஆணாக இருக்க வேண்டும். ஒரே சிற்றினத்தில் நீள்சிறகிகளும் குறுஞ்சிறகிகளும் பிறப்பதுண்டு என்பதால், சிறகின் நீளத்தைக் கொண்டு வயதைச் சொல்லிவிட முடியாது. சிறகுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துள்ள முறையைப் பாருங்கள்: வளர்ந்த பூச்சியில் முன்சிறகு மேலே இருக்கும், கடைசிப் பருவக் குஞ்சுகளிலோ சிறகு மொட்டுகள் தலைகீழாகி, பின்சிறகு மொட்டு முன்சிறகு மொட்டை மூடியிருக்கும்.

கேள்வி: ஏலத்தோட்டத்தில் கைபேசியால் எடுத்த ஒரு படத்தை வைத்துச் சிற்றினப் பெயர்வரை சொல்ல முடியுமா?
– வாசகர், குமுளி

பதில்: பெரும்பாலும் முடியாது. மேலிருந்து எடுத்த படத்தில் பாதக்கணுவும் கீழ்க்கால் முட்களும் தெரிவதில்லை; ஆகவே பக்கவாட்டிலிருந்து இன்னொரு படம் எடுங்கள். அப்படி எடுத்தாலும் துணைக்குடும்பம் வரையிலும், சில வேளைகளில் பேரினம் வரையிலுமே துணிந்து சொல்லலாம். அதற்கு மேல் பெயர் சூட்டும் ஆர்வத்தை நான் ஊக்குவிப்பதில்லை. தவறான பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் நீங்காது. நெருங்கிய சிற்றினங்களைப் பிரிப்பது ஆணின் பிறப்புறுப்பின் வடிவம். வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தசையைக் கரைத்த பிறகே, நுண்ணோக்கியின் கீழ் அதன் கடினப்பகுதிகள் தெளிவாகத் தெரியும். 1969இல் பிரெஞ்சு அறிஞர் லூசியன் ஷோப்பார் இந்தியச் சுவர்க்கோழிகளைத் தொகுத்து எழுதியதற்குப் பின், சிறு டி.என்.ஏ. துண்டைக் கொண்டு சிற்றினத்தை அடையாளம் காணும் டி.என்.ஏ. பட்டைக்குறியீடும் ஆண்பூச்சியின் ஒலிப்பதிவும் இந்த ஆய்வுக்குத் துணையாகச் சேர்ந்திருக்கின்றன. ஆண் கத்தும்போது பதிவு செய்தால், வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்தால் அதன் ஒலி மெதுவாகும்.

மாதிரி அனுப்ப விரும்பினால், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை மண்டல மையம் கோழிக்கோட்டில் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு அனுப்புவது நல்லது. ஆணும் பெண்ணுமாகச் சிலவற்றை எத்தில் ஆல்கஹாலில் இட்டு, பிடித்த இடம், நாள், உயரம், அது இருந்தது தரையா, இலையா, மரப்பட்டையா என்பவற்றைத் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.