புழுக்கத்தில் படகுக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

சென்னையில் சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "கைப்பிடியும் விளிம்புச் சட்டமும் தேக்கு. அக்டோபரில் மழை விட்ட ஒரு மாலையில் வார்னிஷ் அடித்தேன். மறுநாள் காலை பளபளப்பே இல்லை, மங்கிப்போய்ப் பூத்துக் கிடந்தது. இப்போது அங்கங்கே உரிகிறது. எந்த பிராண்ட் வாங்கினால் நிற்கும்?"

பிராண்டை விடுங்கள். மாலையில் அடித்தீர்கள் பாருங்கள், வேலை அங்கேதான் கெட்டது. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், சுமார் 26 டிகிரிக்கு இறங்கும் எந்தப் பரப்பிலும் பனி படியும். வானம் தெளிந்த ராத்திரியில் திறந்தவெளியில் இருக்கும் மரம் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும், அதனால் கண்ணுக்குத் தெரியாமலே ஈரம் வந்து காயாத வார்னிஷ் மேல் உட்கார்ந்துகொள்ளும். உரிவது வேறு கதை. மழையில் நனைந்த மரம் உள்ளே காய்ந்திருக்காது, வெயில் ஏறினதும் அந்த ஈரம் வெளியே வரப் பார்க்கும், நீங்களோ மேலே மூடி போட்டுவிட்டீர்கள்.

அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வார்னிஷ் டப்பாவைத் தொடாதீர்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் ஆரம்பிக்கலாம்.

உரிந்த இடத்துக்கு மட்டும் பூசி ஒப்பேற்ற முடியாது, பழசு முழுக்க வந்தாக வேண்டும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டிச் சுரண்டுங்கள், ஃபைபர் பக்கம் சூடு போகாமல். அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு ஒட்டியிருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கறுப்புக் கறை இருந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும்; கையுறை போட்டுக்கொண்டு தடவி, நன்றாக அலசி, சில நாள் காயவிட வேண்டும். பிறகு 80, 120, 180 என்று உப்புத்தாள் (எண் ஏற ஏறத் தாள் நைசாகும்), நார் ஓடும் திசையில் மட்டும். ஸ்டீல் உல் (தேய்க்கும் இரும்பு நார்) வேண்டாம், அதன் துகள் மரத்தில் தங்கித் துருப்பிடிக்கும்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. முதல் கோட்டுக்குச் சற்று முன்னால் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்தால்தான் வார்னிஷ் பிடிக்கும். வாங்குவது வெயில் தாங்கும் படகு வார்னிஷாக இருக்கட்டும், வீட்டுக் கதவுக்கு அடிப்பது இறுகிப்போய் வெடிக்கும். கலந்து பூசும் இரண்டு டப்பா பாலியூரிதேன் பளபளப்புக்கு அருமைதான், ஆனால் அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பிக் குமிழி விடும். புழுக்கமான ஊரில், முதல் தடவை செய்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

சரி, நேரம். காலைப் பனி உலர்ந்து பத்து மணிக்கு மேல் தொடங்கி, ஒரு மணிக்குள் பிரஷை வைத்துவிடுங்கள், இருட்டுவதற்குள் மேல்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். நேர் வெயிலும் ஆகாது, நிழலுக்குத் தார்ப்பாய் கட்டுங்கள். முதல் கோட் பாதிக்குப் பாதி தின்னர், இரண்டாவது கால் பங்கு, பிறகு ஏறக்குறைய அப்படியே, மொத்தம் ஆறு கோட்டாவது. ஒவ்வொன்றும் மெல்லிசாக, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 320 தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து. தேய்க்கும்போது மாவு மாதிரி வராமல் தாள் பிசுபிசுத்தால் இன்னும் காயவில்லை, எத்தனை நாளானாலும் காத்திருங்கள். டப்பாவைக் குலுக்காமல் மெதுவாகக் கிளறுங்கள், குமிழி வராது.

அடுத்த மழைக்கு முன்னால், ஆகஸ்ட் வாக்கில், வெயில் நாளாகப் பார்த்து லேசாகத் தேய்த்து இரண்டு கோட் போட்டால் மறுபடி எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியிருக்காது. வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்; தண்ணீரில் முக்கி வெளியே விரித்துப் போடுங்கள்.