வாசகர் கேள்வி: பம்ப் ஸ்டாக் காசுக்குத் தகுமா?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அதையொட்டி இங்கிருந்து வந்த ஒன்றிரண்டும். ஸ்டாக் என்பது ரைஃபிளில் தோளில் வைக்கும் பின்பகுதி; அதற்குப் பதிலாக மாட்டி வேகமாகச் சுட வைக்கும் பாகம்தான் பம்ப் ஸ்டாக்.

என்னிடம் முறைப்படி வாங்கிய ஏஆர்-15 ரைஃபிள் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா) இருக்கிறது. பம்ப் ஸ்டாக் மாட்டினால் மெஷின்கன் மாதிரியே இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். 200, 300 டாலர் போடலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

வேண்டாம். சட்டத்தையும் பாதுகாப்பையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வெறும் காசுக் கணக்காகப் பார்த்தாலும் வேண்டாம்.

பம்ப் ஸ்டாக் மாட்டிய ரைஃபிள் நிமிடத்துக்கு 400 முதல் 800 தோட்டா வரை தள்ளும் என்பது நீதிமன்ற ஆவணங்களிலேயே இருக்கிறது. நடுவில் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்குப் பத்து. 30 தோட்டா பிடிக்கும் மேகசின் மூன்று நொடியில் காலி. அதற்குப் போடும் .223 தோட்டா மலிவாகக் கிடைத்தாலும் ஒன்று 40, 50 சென்ட் ஆகிறது. ஆக, மூன்று நொடிக்கு 12 முதல் 15 டாலர். அடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவாகக் கட்டைவிரலால் அமுக்கி மேகசினை நிரப்ப வேண்டும். பத்து மேகசின் சுட்டால் சட்டைப்பையில் 150 டாலர் வரை குறைந்திருக்கும், கட்டைவிரல் வலிக்கும், ஆனால் துப்பாக்கி உண்மையில் சுட்ட நேரம் அரை நிமிடம். இப்படி இரண்டு மூன்று சனிக்கிழமை போனால் தோட்டாச் செலவு ஸ்டாக்கின் விலையைத் தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சரி, அந்த அரை நிமிடத்தில் குறியாவது சரியாக விழுகிறதா? விழாது. சாதாரண ஸ்டாக் தோளில் அழுந்தி நிற்கும், கன்னம் அதன்மேல் ஒரே இடத்தில் பதியும். பம்ப் ஸ்டாக்கில் ஸ்டாக் மட்டும்தான் தோளில் நிற்கிறது. துப்பாக்கி அதற்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. கண்ணுக்கு முன்னால் குறிபார்க்கும் சைட்டும் அதோடு சேர்ந்து ஓடும். முதல் தோட்டா பார்த்த இடத்தில் விழலாம், மற்றவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது. இடது கையால் முன்னோக்கித் தரும் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் பாதியில் நின்றுவிடும். நகராமல் பூட்டி, சாதாரண ஸ்டாக்காகப் பயன்படுத்தும் வசதி சில மாடல்களில் உண்டு. அப்போதும் ஆட்டம் முழுதாகப் போவதில்லை.

இன்னொன்று. காசு கட்டிச் சுடப் போகும் ரேஞ்சுகள் (சுடும் பயிற்சித் தளங்கள்) பலவற்றில், குறிப்பாகக் கட்டடத்துக்குள் இருப்பவற்றில், வேகமாகச் சுடவே விடமாட்டார்கள். சொந்தமாக நிலம் வைத்திருப்பவரைத் தெரியாவிட்டால் வாங்கிய பொருளைப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

வேகமாகச் சுட்டால் துப்பாக்கி கெடுமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

சூடுதான் பிரச்சினை. இதே வகையைச் சேர்ந்த எம்4 ரைஃபிளுக்கு அமெரிக்க ராணுவம் சொல்லும் தொடர் வேகம் நிமிடத்துக்கு 12 முதல் 15 தோட்டாதான். அந்த அளவில் சுட்டால் குழல் தாங்கும். நாலைந்து மேகசினை விடாமல் காலி செய்தால் குழலின் உட்புறத் தேய்மானம், முக்கியமாகத் தோட்டா உட்காரும் அறையை ஒட்டிய பகுதியில், வேகம் பிடிக்கும். கரியும் அதிகம் சேரும், சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த முறை சிக்கும்.

இதைவிட ஆபத்தானது வேறு. கொதிக்கிற குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கிவிட்டால், யாரும் விசையைத் தொடாமலேயே அந்தச் சூட்டில் அது வெடிக்கக்கூடும். பாதியில் நின்றுவிட்ட துப்பாக்கியைத் திருப்பி, 'என்ன ஆச்சு?' என்று பார்ப்பது அதனால்தான் கூடாது. வாய்ப்பகுதி இலக்கின் பக்கமே இருக்கட்டும்.

உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே, அப்புறம் என்ன தயக்கம்? (சியாட்டில் வாசகர்)

நீதிமன்றம் 'வாங்கலாம்' என்று சொல்லவில்லை. 'இது மெஷின்கன் அல்ல' என்றுதான் சொன்னது. இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விசையின் ஒரே இயக்கத்தில் தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடுவது மெஷின்கன். பம்ப் ஸ்டாக்கில் விரல் ஒரே இடத்தில் நிற்கிறது. பின்னுதைப்பில் துப்பாக்கி பின்னே போய், இடது கையின் தள்ளலில் முன்னே வந்து, விசை மறுபடி விரலில் மோதுகிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை ஒருமுறை இயங்குகிறது என்று 2024 ஜூன் 14 அன்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். வழக்குப் போட்டவர் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில்.

அதற்கு முன் நடந்ததையும் பாருங்கள். 2000-களில் 'ஏகின்ஸ் ஆக்ஸிலரேட்டர்' என்று இதே மாதிரி ஸ்டாக் ஒன்று வந்தது, விலை ஆயிரம் டாலர் அளவில். முதலில் ஆட்சேபம் இல்லை என்ற ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு), 2006-இல் கருத்தை மாற்றிக்கொண்டது. உள்ளே துப்பாக்கியை முன்னே தள்ளும் ஸ்பிரிங் இருந்ததுதான் காரணம். வாங்கியவர்கள் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2010-இல் ஸ்பிரிங் இல்லாத 'ஸ்லைட் ஃபயர்' பம்ப் ஸ்டாக் வந்தது, அதற்கு அனுமதிக் கடிதமும் கிடைத்தது. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் இசை விழாவில் ஒருவன் இந்த ஸ்டாக்குகள் மாட்டிய ரைஃபிள்களால் சுட்டான். காயங்களால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் மாண்டார்கள். அதையடுத்து, பம்ப் ஸ்டாக்கும் மெஷின்கன்தான் என்று ஏடிஎஃப் போட்ட விதி 2019 மார்ச் 26-இல் அமலுக்கு வந்தது. அதற்குள் அழித்துவிடு அல்லது ஒப்படைத்துவிடு, இழப்பீடு கிடையாது. நாட்டில் 5,20,000 வரை இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. 180 முதல் 425 டாலர் வரை கொடுத்து வாங்கியவர்கள் தாங்களே வெட்டிப் போட்டார்கள். ஐந்தாண்டு கழித்து அந்த விதி செல்லாது என்றானபோது, போன பணம் போனதுதான்.

நாடாளுமன்றம் நினைத்தால் சட்டத்தையே திருத்தலாம் என்று, பெரும்பான்மைப் பக்கம் நின்ற நீதிபதி அலிட்டோவே எழுதியிருக்கிறார். சியாட்டிலில் இருந்து எழுதும் உங்களுக்கு அதுவும் தேவையில்லை, உங்கள் வாஷிங்டன் மாநிலச் சட்டமே தடுக்கிறது.

ஜார்ஜியாவில் வாங்கி, விடுமுறைக்கு ஃப்ளோரிடா போகும்போது எடுத்துப் போகலாமா? (அட்லாண்டா வாசகர்)

கூடாது. பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு ஃப்ளோரிடா 2018-இல் தனிச் சட்டம் போட்டது. அங்கே கையில் வைத்திருப்பதே மூன்றாம் நிலைப் பெருங்குற்றம், துப்பாக்கியில் மாட்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கார் டிக்கியில் கிடந்தாலும் அகப்பட்டீர்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், நெவாடா என்று தடை உள்ள மாநிலங்கள் இன்னும் பல. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மத்திய விதியைத்தான் ரத்து செய்தது, இவற்றைத் தொடவில்லை.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் ஒருமுறை சுட்டுப் பார்த்தால் தப்பா? (டாலஸ் வாசகர்)

ஸ்டாக்கை விடுங்கள், உங்களுக்குத் துப்பாக்கியே சிக்கல். தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. 'வைத்திருப்பது' என்பதில் நண்பருடையதைக் கையில் வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் அடங்கும். இந்தக் குற்றத்துக்கு 2022 முதல் உச்ச தண்டனை 15 ஆண்டு, விசாவும் போகலாம்.

விலக்குகளில் நடைமுறையில் உதவக்கூடியது ஒன்று: ஏதேனும் ஒரு அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். பலர் அதை வாங்கிவிட்டுத்தான் ரேஞ்சுக்குப் போகிறார்கள். தேதி முடிந்ததைக் கவனிக்காமல் போனால் விலக்கும் முடிந்தது. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் சொன்னதை நம்பாமல், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது அந்த ஸ்டாக்கை மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால்? வெறும் பிளாஸ்டிக்தானே? (மதுரை வாசகர்)

உங்கள் உறவினரை அந்த யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள். இந்திய ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் உதிரிபாகங்களும் வருகின்றன, உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்யக்கூடாது. தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று வழக்கு போனால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு.

அப்படியானால் அந்த 300 டாலரை எதில் போடுவது? (ஷார்லட் வாசகர்)

முதலில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு. மிச்சத்தைத் தோட்டாவில் போடுங்கள். 150 டாலருக்கு முந்நூறு தோட்டா வரும். அதை ரேஞ்சுக்கு ஒருமுறை முப்பது என்று பிரித்து, ஒவ்வொன்றையும் குறிபார்த்துச் சுட்டால் பத்து நாள் ஓடும். ஒவ்வொரு நாளும் அட்டையில் தேதி எழுதி வையுங்கள். முதல் நாள் அட்டையில் ஓட்டைகள் சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பரவியிருந்தால், பத்தாவது நாள் அட்டையை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.