சரளைப் புஞ்சையில் கல் பொறுக்காதீர்கள்

உசிலம்பட்டி அருகே மூன்று ஏக்கர் சரளைப் புஞ்சை வாங்கியிருப்பதாகவும், கல்லை எல்லாம் அகற்றிவிட்டு வாழை வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம்.

கொட்டாம்பட்டிப் பக்கம் எங்களுக்கும் இப்படி ஒரு புஞ்சை உண்டு. அப்பா ஒரு கோடை முழுவதும் ஆள் வைத்துக் கல் பொறுக்கினார். ஐப்பசியில் அடைமழை இறங்கியதும் மேல்மண் செந்நீராகக் கரைந்து ஓடைக்குப் போய்விட்டது. மழையின் அடியைத் தாங்கியதும், வெயிலில் ஈரம் பறக்காமல் மூடிக் காத்ததும் அந்தச் சரளைதான் என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. உழவுக்கு இடைஞ்சலான பெரிய கற்களை மட்டும் எடுத்துச் சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பாக அடுக்குங்கள்.

முதலில் மேட்டிலும் தாழ்விலும் நான்கடிக் குழி வெட்டிப் பாருங்கள். மேலே கிடக்கும் கல்லைவிட, அடியில் பாறை எத்தனை அடியில் தட்டுகிறது என்பதுதான் முக்கியம். மண் பரிசோதனை அட்டையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆய்வகத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழும் மண்ணைத்தான் சோதிப்பார்கள். ஒரு சாக்கு மண்ணை நீங்களே சலித்து எடை போடுங்கள். பாதி சரளை என்றால், அட்டையில் உள்ள சத்து மீதிப் பாதி மண்ணுக்கு மட்டுமே. ஈரம் பிடிக்கும் திறனும் ஏறக்குறைய அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கும் இந்த நிலத்தில், ஆண்டு முழுவதும் தண்ணீர் கேட்கும் வாழை எப்படி நிற்கும்? நிலக்கடலையும் வேண்டாம். மண் இறுகிய பிறகு பிடுங்கினால் செடி கையோடு வரும், காய் உள்ளேயே தங்கிவிடும்.

நான்கடிக்குப் பாறை தட்டவில்லையா? மரம் வையுங்கள். நெல்லிக்கு 20 அடி, புளிக்கு 33 அடி இடைவெளி விட்டு மூன்றடிக் குழி எடுத்து, கோடையில் ஆறப்போடுங்கள். அனுமதி வாங்கிக் கண்மாய் வண்டல் அடித்து, தொழுவுரத்தோடு கலந்து நிரப்புங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கன்றின் தாழ்ந்த பக்கம் பிறை வடிவில் வரப்புக் கட்டினால் ஓடும் மழைநீர் வேரடியில் நிற்கும். மரம் நிழல் கட்டும்வரை இடையில் கொள்ளோ சாமையோ விதைக்கலாம்.

எங்கள் புஞ்சையின் மேட்டு மூலையில் ஒன்றரை அடியிலேயே பாறை. அங்கே உழுவதை நிறுத்திவிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் என்ற தீவனச் செடியும் தூவிவிட்டோம். இப்போது ஆடுகளுக்கு அதுதான் மேய்ச்சல்.