கீசரில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, வால்விலும் சொட்டுகிறது. புதுசு வாங்கிவிடலாமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். 15 லிட்டர் கீசர், ஐந்து வருடப் பழசு, போர் தண்ணீர், சிவப்பு விளக்கு சீக்கிரமே அணைந்துவிடுகிறது, உள்ளே ஏதோ பொரிகிற மாதிரி சத்தம், வந்து பார்த்தவர் "டேங்க் போயிடுச்சு சார்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வசனத்தை நம்பி ஒரு நல்ல கீசரைப் பழைய இரும்புக் கடையில் போட்டவன் நான். அடுத்த கீசரும் நாலே வருடத்தில் அதே பாட்டைப் பாடியபோதுதான் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தேன்.

முதலில் சொட்டு விஷயம். 15 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது கிட்டத்தட்ட 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு, விரியும். உள்ளே வரும் குழாயில் தண்ணீர் திரும்பிப் போகாதபடி ஒருவழி வால்வு இருக்கிறது. அப்புறம் அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டும். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று விட்டுவிடுங்கள். தெரிந்தவர் வீட்டில் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள், பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சூடு போதுமானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் நிறுத்த வேண்டிய கட்-அவுட்டும் ஒருநாள் ஒன்றாகக் கைவிட்டால் மிஞ்சுவது அந்த ஒரு துளைதான். கீசரை அணைத்த பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வுக்குள் தண்ணீரிலிருந்து படிந்த சுண்ணாம்பு உப்பு சிக்கியிருக்கலாம், அல்லது மேல்தொட்டி ரொம்ப உயரத்தில் இருந்து அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வால்வை மட்டும் மாற்றினால் பல சமயம் சரியாகிவிடும்.

அடுத்து வெதுவெதுப்பு. 2,000 வாட்ஸ் கீசர் அந்த 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 17 நிமிடமாவது ஆக வேண்டும். முழுக்கப் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது போட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஏழு எட்டு நிமிடத்தில் விளக்கு அணைந்தால், வெப்பநிலைத் திருகு குறைத்து வைக்கப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உப்பைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரைச் சூடாக்கும் காயிலும் தெர்மோஸ்டாட் குச்சியும் உள்ளே பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. இரண்டையும் சேர்த்து உப்பு மூடிவிட்டால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் குச்சிக்குப் போகிறது. அதுவும் வேலை முடிந்தது என்று நினைத்து கரண்டை நிறுத்திவிடுகிறது. நீங்கள் கேட்கும் பொரியல் சத்தமும் உப்புக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதிக்கும் சத்தம்தான்.

என் கீசரின் அடி மூடியைக் கழற்றி, நட்டுகளைத் திருகி, காயிலை வெளியே இழுத்தபோது அது சுண்ணாம்பில் முக்கி எடுத்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது. கூடவே முட்டை ஓடு நொறுங்கியது போல அரை பக்கெட் சில்லுகள் கொட்டின. குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் கடினத்தன்மை, அதாவது இந்த மாதிரி படியும் உப்பின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. புறநகர் போர்கள் பல அதையும் தாண்டிப் போகிறவை. குளிக்கிற தண்ணீர்தானே என்று நாம் கண்டுகொள்வதில்லை.

சில்லுகளை எடுத்த பிறகுதான் அந்த இன்னொரு கம்பியைப் பார்த்தேன். ஆனோடு ராடு என்று கடையில் கேட்டால் தருவார்கள். மெக்னீசியத்தால் செய்தது. தொட்டியின் இரும்பை அரிக்க வருவது முதலில் இதைத் தின்னும், அதற்காகவே பலியாக வைத்தது. விரல் தடிமன் இருக்க வேண்டிய இடத்தில் என் கீசரில் வெறும் கம்பி நரம்புதான் மிச்சம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நிஜமாகவே டேங்க் போயிருக்கும். சில நூறு ரூபாய்ப் பொருள். இத்தனை வருடத்தில் சர்வீஸுக்கு வந்த ஒருவர்கூட இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதில் எனக்கு இன்னமும் கோபம் உண்டு.

சுத்தம் செய்வது எளிது. மளிகைக் கடை எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, ஒயர் மாட்டும் முனை நனையாமல் காயிலை இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். உப்பு நுரைத்து விழும். பாத்ரூம் ஆசிட்டைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், அது காயிலின் மேல் உறையையும் சேர்த்துத் தின்றுவிடும். உறையில் வெடிப்பு தெரிந்தால் காயிலையே மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யும் முன் சுவிட்சை மட்டும் நம்பாமல் மீட்டர் பலகையில் இருக்கும் எம்சிபியையே (தானியங்கி மெயின் சுவிட்ச்) இறக்கி, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். குழாயைத் தொட்டால் சுருக்கென்றாலோ, கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தாலோ, நீங்கள் கை வைக்கவே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். திரும்ப மாட்டியதும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் காயில் நிமிடத்தில் கருகிவிடும்.

தொட்டியின் உடம்பிலிருந்தே கசிந்தால், அதுவும் துரு நிறத்தில் வந்தால், அப்போது புதுசு வாங்குங்கள். மற்றபடி உப்புத் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை, மெட்ரோ தண்ணீர் மட்டும் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும். பழைய ரப்பர் வாஷர் மறுபடி சரியாக உட்காராது, அதனால் புது வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மாலை கழற்றிவிட்டு, கடை திறக்கும் வரை வீட்டில் எல்லோருக்கும் அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.